பிகாஜிக்கு வந்த காய்ச்சல்

சூரத்,
1743 பிப்ரவரி 9

அன்புள்ள தாராப்ஷா அண்ணாவுக்கு,

குவர்பாய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீங்கள்தான் இரண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை.

அங்கே உங்களிடம் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்குக் காலில் கோடரி பட்ட புண் இன்னும் ஆறவில்லை என்று ஊருக்கு வந்த தச்சர் ஒருவர் சொன்னார். புதுக் கப்பலைக் கடலில் இறக்கும்போது, அடியில் புகுந்து முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுக்கும் வேலைக்கு இவரை அனுப்பாதீர்கள். கப்பல் நகர்ந்தால் இவரால் ஓட முடியாது. கப்பல் தளத்தில் நீங்கள்தானே மேஸ்திரி? தங்கை கேட்கிறேன்.

குவர்

பம்பாய்,
மார்ச் 14

என் குவருக்கு,

எப்படி எழுதுவேன்? உன் பிகாஜி போய்விட்டான். மூன்று நாள் காய்ச்சல். நான் பக்கத்திலேயே இருந்தேன். குன்றின் மேல், இறந்தவர்களை வைக்கும் தோக்மாவில் கிடத்தி, எல்லாச் சடங்கும் குறைவில்லாமல் செய்தோம். கப்பல் நல்லபடியாக இறங்கியது. மனதைத் தேற்றிக்கொள். குழந்தை எதலைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
தாராப்ஷா

சூரத்,
ஏப்ரல் 2

அண்ணா,

அழுது தீரவில்லை. தனியாகப் போகவில்லை, உங்கள் கை பட்டுத்தான் போனார் என்று நினைத்துக்கொண்டுதான் இரண்டு வாய் சாப்பிடுகிறேன். மாமியாருக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கடைசியில் என்ன கேட்டார்? தண்ணீர் குடித்தாரா? எதல் பெயரைச் சொன்னாரா? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

குவர்

பம்பாய்,
ஏப்ரல் 25

குவர்,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். காய்ச்சல் இல்லை, அம்மா.

அன்று கடலில் ஓதம் ஏறிவிட்டது, தண்ணீர் வடிவதற்குள் கப்பலை இறக்கியாக வேண்டும். ஆள் போதவில்லை. "மச்சான், கால் ஊன முடியல. வேற யாரையாச்சும் அனுப்பேன்" என்றான் பிகாஜி.

"கேட்டீங்களாடா? இவன் பொண்டாட்டி சீட்டு எழுதியிருக்கா. ஐயா கப்பலுக்கு அடியில போகக் கூடாதாம்!" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனான். கடைசி முட்டு விழுந்ததும் கப்பல் நகர்ந்தது. மற்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

தண்ணீர் கொடுக்க நேரமில்லை. என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

தாராப்ஷா

சூரத்,
ஜூன் 1

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. படித்துக் கிழித்துவிட்டேன்.

மாமியாரிடம் சொல்லவில்லை. மகன் பக்கத்தில் இருந்தவர் என்று தினமும் உங்களை வாழ்த்துகிறார். வாழ்த்தட்டும். எதலுக்கும் அப்பா காய்ச்சலில்தான் போனார்.

திட்டச் சொல்கிறீர்கள். திட்டினால் உங்கள் பாரம் குறையும். அதை நான் செய்யப்போவதில்லை.

இனி இந்த வீட்டுக்கு எழுத வேண்டாம். எதல் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டான்.

குவர்பாய்