சிவப்பு மை என்று நினைத்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று உன் அம்மா மூலம் அவ்வப்போது தெரிந்துகொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதினால் பொய்யாகிவிடும், சுகமாகிக்கொண்டு வருகிறோம் என்று எழுதுகிறேன், அது உண்மை. போன வருடம் எனக்குத் தோளில் சின்ன ஆபரேஷன் என்று உன் அம்மா உன்னிடம் சொன்னாள் அல்லவா, தோளில் இல்லை. எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், இன்னும் வேறு யாருக்கோ வந்ததைப் போலத்தான் இருக்கிறது. ஆண்களுக்கும் வருமாம். இத்தனை வருடம் படித்தும் படிப்பித்தும் எனக்கு அது தெரியாது. இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள், கீமோவும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன, இப்போது கட்டி எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி, பிறகு மிச்சத்தைப் படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் பேச்சை மீறி நீ அந்த வேலைக்குப் போனதிலிருந்து நாம் போனில் பேசுவது சாப்பிட்டாயா, ம் என்பதோடு சரி, அதற்குள் இதை எங்கே நுழைப்பது. நாம் பேசிக்கொள்ளாதது ஒரு வகையில் வசதியாகவும் போயிற்று, தலைமுடி கொட்டிய மாதங்களில் நான் வீடியோவில் முகம் காட்டாததை நீ சந்தேகப்படவே இல்லை. அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது, வியாதி வந்து கரைத்துவிட்டது என்று நினைக்காதே. அது வேறு, இது வேறு.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை நான் சட்டைப் பையில் செருகிக்கொள்வது உனக்குத் தெரியும். ஒருநாள் பை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கறை. பேனா ஒழுகுகிறது என்று வேறு வாங்கினேன், மறுபடியும் கறை. கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன், அவன் தாளில் கிறுக்கிக் காட்டி, சார் பேனாவுல ஒரு குத்தமும் இல்ல, உங்க உடம்புதான் சூடு, மை இளகுது என்றான். நான் விடுவேனா, அந்தக் கடையையே விட்டுவிட்டு அடுத்த தெருவில் வாங்க ஆரம்பித்தேன். மேசை இழுப்பறை முழுக்க நான் ஒதுக்கி வைத்த பேனாக்கள், வாத்தியார் வேலைய விட்டுட்டுப் பேனாக்கடை வைக்கப் போறீங்களா என்று உன் அம்மா கிண்டல் செய்துகொண்டிருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற இடத்திலிருந்து ஒரு கையில் என் சட்டை, ஒரு கையில் பனியனோடு வந்தாள். இங்க பாருங்க, மைன்னா சட்டையிலேர்ந்துதானே உள்ள எறங்கணும், சட்டையில பொட்டு மாதிரி இருக்கு, பனியன்ல இவ்ளோ பெருசா இருக்கு, இது உள்ளேர்ந்துல்ல வந்திருக்கு என்றாள். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன். இடது பக்கக் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, அதன் பின்னால் கூழாங்கல் போல ஒன்று, அழுத்தினால் வலிகூட இல்லை, ஒரு துளி மட்டும் வந்தது. அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, கடைக்காரனிடம் இனி எந்த முகத்தோடு போவது என்று. வேறு எதுவுமே தோன்றவில்லை. மனம் அப்படி மரத்துப்போகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் நடந்ததைக் கேள். நர்ஸ் வெளியே வந்தாள், என்னைத் தாண்டிப் போய் உன் அம்மாவின் கையைப் பிடித்தாள், பயப்படாதீங்கம்மா, சார் இங்கயே இருக்கட்டும், நீங்க கவுன் மாத்திக்கோங்க என்று உள்ளே அழைத்துப் போய்விட்டாள். உன் அம்மாவும் இருந்த குழப்பத்தில் கவுனைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள், கதவைச் சாத்திய பிறகுதான் நினைவு வந்து, ஐயோ எனக்கில்லைங்க, அவருக்கு என்றாளாம். கதவு திறந்தது, வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. தலையில் துணி சுற்றியிருந்த ஒரு அம்மாள் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வாங்க தம்பி, உக்காருங்க என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மார்பில் கட்டி என்று மட்டும் சொன்னேன், அவர்களே நுரையீரல் என்று எடுத்துக்கொண்டார்கள். கால் மார்க்குக்கும் கணக்குப் பார்க்கிற நான் அதைத் திருத்தவில்லை. இதனால் வந்த வினையைக் கேள். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே நம் தலைமையாசிரியர், அவர் பயந்துபோய் சிகரெட்டை விட்டுவிட்டார். பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்து, பீடி சிகரெட் தொடாத உங்களுக்கே இப்படின்னா எனக்கு எப்படி சார், நீங்கதான் என் கண்ணத் திறந்தீங்க என்று கண் கலங்கினார். முன்பு மாடியேறினால் இரைக்கும், இப்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏறுகிறார். நான் பாதிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்கிறேன். உண்மையைச் சொன்னால் மறுபடி பிடிப்பாரோ என்று யோசித்ததும் உண்டு. உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை விட்டுவிட்டேன்.

கீமோ நாட்களைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். வாய் முழுக்கப் புண், தண்ணீரில்கூட இரும்பு வாசனை. இப்போது தினமும் ஒரு மாத்திரை, அதைப் போட்டால் திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வேர்க்கிறது. உன் அம்மாவுக்கும் அந்த வயசு, இருவரும் ஒரே மின்விசிறிக்கு அடித்துக்கொள்கிறோம், நான் வேர்க்குதுன்னு சொன்னப்பல்லாம் ஜன்னலத் தொறன்னீங்களே, இப்பத் தெரியுதா என்கிறாள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டதால் இடது கையை முதலில் தூக்கவே முடியவில்லை, இடது கைப்பழக்கம் உள்ள வாத்தியாருக்கு அது எப்படி என்று உனக்கே தெரியும். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், சிலந்தி ஏறுற மாதிரி விரலாலயே செவுத்துல ஏறுங்க சார், வலிச்சா நின்னு மூச்சு விடுங்க, எறங்கிடாதீங்க என்பாள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், நீ வளர வளர நான் பென்சிலால் கோடு போட்ட சுவரில்தான் ஏறுகிறேன். முதல் வாரம் நீ பாலர் வகுப்பில் நின்ற உயரத்துக்கு வரவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு வகுப்பாகத் தாண்டினேன். போன வாரம் விரல் உன் கடைசிக் கோட்டைத் தொட்டது. பள்ளிக்குத் திரும்பிவிட்டேன், கரும்பலகையின் மேல்பாதி மட்டும் இன்னும் எட்டவில்லை, கீழ்ப்பாதியில் எழுதுகிறேன், கடைசி பெஞ்சு எழுந்து நின்று பார்க்கிறது.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஆணுக்கு இது வந்தால் பரம்பரையில் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்களாம். பார்த்தார்கள், இருக்கிறது. என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு என்றார் டாக்டர். வந்திருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, முன்னாலேயே தெரிந்தால் கண்காணிக்கலாம், வருமுன் தடுக்கவும் வழி உண்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பாதி என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். உனக்கு ஒரு சளி பிடித்தால்கூட உன் தாய்மாமன் வீட்டு உடம்பு என்று சொல்லி வந்தவன் நான், வெளியே வந்ததும் உன் அம்மா, இப்பவாவது எங்க வீட்ட விட்டுடுங்க என்றாள், சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நீ சிலேட்டில் இடது கையால் முதல் எழுத்து எழுதியபோது என் பிள்ளை என்று தெருவெல்லாம் சொன்னவன் நான். இதையும் கொடுத்திருப்பேன் என்று எப்படித் தெரியும்.

தள்ளிப்போடாதே. வேலை இருக்கிறது, விடுப்பு கிடையாது என்று சொல்லாதே, வலி இல்லையே என்றும் இருந்துவிடாதே, எனக்கும் வலி இல்லை. பரிசோதனைக்குத் தேதி வாங்கியதும் எனக்கே போன் செய், அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. அங்கே உன்னைக் கேட்பார்கள், குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று. அம்மாவுக்கா, அம்மாவின் அம்மாவுக்கா என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டு போவார்கள், நீ தலையாட்டிவிடாதே. நான் பள்ளிக்கூடத்தில் செய்ததை நீ அங்கே செய்யக்கூடாது. நிறுத்தி, என் அப்பாவுக்கு என்று சொல். அவர்களுக்குக் காது கேட்காததுபோல் பார்ப்பார்கள், இன்னொரு தடவை சொல்.

நோய் நொடி அண்டாமல், என்னைவிடப் பல வருடம் கூடுதலாக நீ நன்றாக வாழவேண்டும். அம்மாவின் ஆசியும் இதோடு.

இப்படிக்கு,
உன் அப்பா