பெட்டியைத் தர மாட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் புத்தகங்களில் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் எனக்குக் கேட்கிற மாதிரி முனகுகிறார், டி.வி. ரிமோட்டைத் தேடி வீடெல்லாம் நடக்கும்போது வலி எங்கே போகிறதோ தெரியவில்லை. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்று ஆட்டம் காட்டுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உன் பழைய பேராசிரியர் வந்தார். கட்டிலுக்கடியில் இருக்கும் உன் ஆங்கில நாவல் பெட்டியை எடுத்துப்போய்க் கல்லூரி நூலகத்தில் சேர்க்கச் சொல்லி நீதான் அனுப்பினாய் என்றார். நல்ல மனிதர், ஈரக்குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டு வந்தார். டீ கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன், பெட்டியைக் கொடுக்கவில்லை. கை வீசிக்கொண்டு வந்தவர் கை வீசிக்கொண்டே போனார். உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

தையல் கம்பெனியில் மத்தியானம் நாங்கள் படிக்கிற போட்டோவை ஆசை ஆசையாக உனக்கு அனுப்பினேன். ஆளுக்கொரு துண்டு கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, யாராவது புத்தகத்த வெட்டுவாங்களாம்மா என்று போனில் கத்தினாய், அந்தக் கோபத்தில்தான் பேராசிரியரை அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். நான் வெட்டினேன். செங்கல் கனத்துக்கு ஒரு நாவல், அதைப் படிக்க ஆறு பேர். ஒருத்தி முடித்து அடுத்தவளிடம் கொடுப்பதென்றால் நாங்கள் எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுவோம். சட்டையை எப்படித் தைக்கிறோம்? ஒருத்தி காலர், ஒருத்தி கை, நான் பாக்கெட், முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை, ஆனாலும் சாயங்காலம் சட்டை முடிந்துவிடுகிறது. அதே மாதிரி கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்து ஆறாக வெட்டி வாங்கினோம். அவரவர் துண்டை அவரவர் வீட்டில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு தட்டித் தடவிப் படிப்பது, சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குச் சொல்வது. அடுத்தவள் துண்டில் மூக்கை நுழைக்கக் கூடாது, அது எங்கள் தையல் லைனின் சட்டம்.

அந்தக் கதையில் வருகிறவர்களைப் பற்றி உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. ஒருத்தருக்காவது வேலைவெட்டி உண்டா? காலையில் எழுந்ததிலிருந்து கடுதாசி எழுதுகிறார்கள், பிறகு நடக்கப் போகிறார்கள், மழையில் நனைகிறார்கள், நனைந்தால் ஜுரம், ஜுரம் வந்தால் முப்பது பக்கம். நான் தினமும் நனைந்துகொண்டுதான் பஸ் ஏறுகிறேன், என்னைப் பற்றி ஒரு வரி எழுத ஆள் இல்லை. கதாநாயகன் ஒரு கேப்டன், அவன் கதாநாயகியை விரும்புகிறான் என்று அவன் குதிரைக்குக்கூடத் தெரிந்துவிட்டது, அவனுக்கு வாய் திறக்க நானூறு பக்கம் வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு குன்றைப் பற்றி மூன்று பக்கம். எங்களில் நூல் பிசிறு வெட்டுகிறவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள், கேட்டால், குன்று அங்கயேதான இருக்கும், அப்புறம் பாத்துக்கலாம் என்கிறாள்.

ஆனால் சண்டை வந்தது பார். காலர் அக்காவின் துண்டில் கேப்டன் தங்கமான பிள்ளை, நொண்டி நாயைத் தூக்கி வளர்க்கிறான். கை தைக்கிறவளின் துண்டில் அவனே சித்தப்பன் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்குகிறான். எம்புள்ள அப்படிச் செய்யமாட்டான் என்று காலர் அக்கா, உம்புள்ளயோட லட்சணம் எனக்குத்தான் தெரியும் என்று இவள். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, காலர் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக நின்றதில் சூப்பர்வைசர் நடுவில் இருந்த என்னைத் திட்டினார். இப்படி உயிரைக் கொடுத்துப் படிக்கிறவர்களிடமிருந்து பெட்டியைப் பிடுங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டச் சொல்கிறாயே, உனக்கு எப்படி மனசு வருகிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இந்தப் புத்தகங்களைப் படிப்பாய். உள்ளே தனியாகச் சிரிப்பாய். என்னடி என்று கேட்டுக்கொண்டு நான் வந்து நின்றால், உனக்குச் சொன்னாப் புரியாதும்மா என்பாய். எனக்கு வலித்தது. அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். என் துண்டில் ஒரு இடம் வருகிறது, கல்யாணக் கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, கேப்டன் மிடுக்காகக் குதிரையைத் திருப்பி நேராகக் குளத்தில் விழுகிறான். பக்கத்தில் உன் பென்சில் கோடு. இதற்குத்தான் சிரித்தாயா? நான் சொன்னபோது ஐந்து பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருத்திக்கும் புரியாமல் போகவில்லை.

இப்போது எங்களுக்கு ஒரு இக்கட்டு. கடைசித் துண்டு, சட்டையில் பொத்தான் நுழைக்கக் காஜா எடுக்கிற அக்காவுடையது. மகளுக்குப் பிரசவம் என்று அவள் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள், போகும்போது துண்டைப் படிக்காமலே என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். கேப்டன் நல்லவனா போக்கிரியா என்பது அதில்தான் இருக்கிறது. சட்டப்படி எங்களில் யாரும் அதைத் தொட முடியாது. காலர் அக்காவும் கை தைக்கிறவளும் முதல் தடவையாக ஒத்துப்போய் உன் பெயரைச் சொன்னார்கள். அதனால் அந்தத் துண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ முன்பே படித்தவள் என்று தெரியும், பழைய ஞாபகத்திலிருந்து சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டோம். மறுபடி படி. வெள்ளிக்கிழமை எங்கள் சாப்பாட்டு நேரத்தில் போன் செய், ஸ்பீக்கரில் போடுகிறேன். கதை முடிந்ததும் துண்டைத் திருப்பி அனுப்பு, காலர் தைக்கிற கெட்டி நூலில் ஆறையும் சேர்த்துத் தைத்து வைக்கிறேன். அடுத்த நாவலை எடுத்து வைத்துவிட்டோம், அதிலும் உனக்கு ஒரு பங்கு ஒதுக்கியாகிவிட்டது. பெட்டி இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இரண்டு பேரும் ஒற்றுமையாக, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள். மாப்பிள்ளையும் வீட்டில் இருக்கும்போது கதவைத் திறந்து வைத்துப் படி, சிரிப்பு வந்தால் எதற்கென்று அவரிடமும் சொல்.

வெட்டியதற்குக் கொஞ்சமும் வருத்தப்படாத,
உன் அம்மா