அனிட்டா கேட்ட கல்யாணக் கார்

ஏங்க, நான் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். சாம்பார் அடுப்பில், கிரீஸ் கையோடு கரண்டியைத் தொடாதீர்கள்.

நாளைக்குக் கல்யாணத்துக்குத் தங்கச்சி மகள் அனிட்டாவை மாதா கோயிலுக்கு உங்கள் லண்டன் ஸ்போர்ட்ஸ் காரில் அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்தது நீங்கள்தான். கல்வராயன் மலையே ஏறும் என்றீர்கள். அந்தக் காலத்து வண்டிக்கு பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகணும் என்று ஆறு வருஷமாகத் தெருவுக்கே பாடம் நடத்திவிட்டு, நேற்று நீங்களே மாற்றி மாட்டி ஒயரைக் கருக்கிவிட்டீர்கள். புகையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு ஆயம்மாள், "இன்னா ஜெஸி, உங்க வூட்டுக்காரரு இப்பவே சாம்பிராணி போட்டுக்கினு கீறாரா?" என்கிறாள்.

வாடகைக் கார் சொல்லலாம் என்றேன். "பெரியப்பா வண்டிதான். தள்ளிக்கினு போனாலும் சரி" என்கிறாள் அனிட்டா. கோயில் மூன்று தெருதானே. தள்ள நாலு பேர் காலையில் வருவார்கள்.

பி.கு: நீங்கள் தள்ளக் கூடாது, இடுப்பு தாங்காது. கோட்டுக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிற மாதிரி உட்காருங்கள்.