வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவுக்கு

இன்று காலை கதவைத் திறந்ததும் வெட்டுப்பட்ட கிளுவையின் பச்சை வாசனை முகத்தில் அடித்தது, அக்கா. உங்கள் பூமியை வாங்கியவர்கள் நமக்கு நடுவே இருந்த கிளுவை வேலியை எடுக்கிறார்கள். கம்பி போடப் போகிறார்களாம். "ஆட்சேபனை ஏதாச்சும் உண்டுங்களா?" என்று ஆட்கள் என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு கொப்பை ஒடித்ததற்கே ஊர் கூடியிருக்கும்.

இந்தத் தோட்டத்துக்கு வாழ வந்தபோது நான் வாயில்லாப் பூச்சி. யார் உரக்கப் பேசினாலும் கண்ணில் நீர் வந்துவிடும். வந்த புதிதிலேயே எங்கள் கன்று உங்கள் கம்பங்காட்டில் புகுந்துவிட்டது. அதைக் கயிற்றோடு இழுத்துவந்து வாசலில் நின்று கத்தினீர்கள். நான் அழுதேன். "ஏம்புள்ள, நீ அழுதா தின்ன கம்பு மொளச்சுருமா?" என்றீர்கள். உள்ளே போய் இன்னும் அழுதேன்.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு நாள் உங்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. எங்கள் முறையிலும் விடியுமுன்பே உங்கள் எருதுகள் கவலையில் தண்ணீர் இறைக்கப் பூட்டி நிற்கும். என் வீட்டுக்காரர் சாது. "உடு அம்மணி, தண்ணிதானே" என்பார். கோயமுத்தூர் மில்களுக்குக் கரண்டு வந்துவிட்டதென்று சந்தையெல்லாம் பேசிய கோடையில், கிணற்றில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எங்கள் ராகி தலை சாய்ந்துவிட்டது. எங்கள் முறை நாளில் போய், உங்கள் எருதுகள் கவலையை இழுத்து இறங்கும் சரிவின் நடுவில் நின்றேன்.

"ஏனுங்கக்கா, இன்னைக்கு எங்க முறைங்க."

"தள்ளு புள்ள. மாடு மிதிச்சுப்போடும்."

"மிதிக்கட்டுங்க."

நான் நகரவில்லை. என் பிறந்த வீட்டையெல்லாம் இழுத்துப் பேசினீர்கள். பிறகு எருதுகளை அவிழ்த்தீர்கள். போகிற போக்கில், "பாதித் தண்ணி எலி வளைக்குப் போவுது, இவ ஞாயம் பேச வந்துட்டா" என்றீர்கள். ஆனாலும் வாய்க்காலோரம் நடந்து பார்த்தேன். உண்மைதான். அன்றே மண் வைத்து அடைத்தேன். உங்கள் ஏச்சில் எது விஷம், எது விஷயம் என்று பிரித்துப் பார்க்க அதன்பிறகு மெல்லப் பழகினேன். கன்றுக்கு ஒரு சண்டை, வரப்புக்கு ஒரு சண்டை, காற்றில் உங்கள் பக்கம் பறந்த சருகுக்குக்கூட ஒரு சண்டை. பழகத் தோது இருந்துகொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, கருமாதி முடிந்த கையோடு, கொழுந்தனார் தாராபுரத்திலிருந்து பெரியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் மனைவி என்ற மரியாதையோடு வெகு பதமாகப் பேசினார். "ஏனுங்க நங்கையா, நீங்க பொறந்த ஊட்டுக்குப் போயிருங்க. ஒண்டியா இங்கிருந்து என்ன பண்ணுவீங்க? பூமிய நான் பாத்துக்கறேன்."

"பாகம் பிரிஞ்ச பூமிங்க இது. எனக்கு உசுரு இருக்கற வரைக்கும் நாந்தான் ஓட்டுவேனுங்க" என்றேன்.

கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அது யார் குரலென்று எனக்கே விளங்கவில்லை. கிணற்றடியில் உங்களோடு மல்லுக்கு நின்று முற்றிய குரல். கொழுந்தனார் நான் வைத்த மோரைத் தொடாமல் வண்டி ஏறினார். பூமி என்னிடம் நின்றது.

ஆனால் அதன்பிறகு, தாலி அறுத்தவளென்று ஊரே என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டது. விசேஷ வீடுகளில் கூப்பிடுவது நின்றது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பேசியவர்களும் நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். நீங்கள் ஒருவர்தான் வேலியோரம் வந்து, "உன் எருமை எங் காட்டுல கால வெக்குது, கண்ணு தெரியலயா உனக்கு?" என்று பழையபடி கத்தினீர்கள். நானும் கத்தினேன். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

உங்கள் எழவுக்கு வந்தவர்கள், "வாய்தான் அப்படி, மனசு வெல்லம்" என்றார்கள். நான் தலையாட்டவில்லை. அந்த வெல்லத்தை நான் ருசித்ததில்லை, அக்கா. ஒரு நல்ல வார்த்தை நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. படுக்கையில் கிடந்தபோது நான் கொண்டுவந்த கஞ்சியையும், உப்புக் கரிக்கிறதென்று தள்ளினீர்கள். என்னை ஆளாக்க நினைத்துத்தான் கடிந்தீர்கள் என்று இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு மனசில்லை. நீங்கள் நினைக்கவில்லை. ஆனாலும் நான் ஆளானேன்.

வாங்கியவர்கள் தனிக்கிணறு வெட்டி எஞ்சின் வைத்துவிட்டார்கள். இனி எல்லா நாளும் என் முறைதான், கேட்பாரில்லை. அந்தக் குரல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பகல் முழுக்க அதற்கு வேலையில்லை. நேற்றுப் பொழுது சாய மாட்டை ஓட்டிவரும்போது, சும்மா ஒரு அதட்டல் போட்டேன். அது உங்கள் காட்டைத் தாண்டிப் பனைமரங்கள் வரைக்கும் போயிற்று. பதில் ஏச்சு வருமா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். பிறகு மாட்டைக் கட்டப் போனேன்.