துருத்தி இல்லாத பட்டறை

என் பிரியமான அண்ணாவுக்கு,

நேரில் நாலு வார்த்தை பேசாதவள், காகிதம் கிடைத்தால் நாற்பது பேசுவாள் என்று என்னைக் கேலி செய்வீர்கள். இன்று நாற்பதுக்கும் மேலே இருக்கிறது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் படித்தால் படிக்கட்டும். அழுகிற சேதி எதுவும் இதில் இல்லை.

நீங்கள் மண்ணுக்குள் போய் எட்டு மாதம் ஆகிறது. பட்டறையில் சாக்குக்கு அடியில் நீங்கள் விட்டுப் போன அந்தத் தகர டிரம் நினைவிருக்கிறதா? கொழும்புத் துறைமுகத்துப் பட்டறையில் வேலை செய்கிற உங்கள் கூட்டாளி எழுதி அனுப்பிய அளவுப்படி வெட்டியது. ஸ்டவ் மாதிரியே பம்ப் அடித்து, மண்ணெண்ணெயை ஆவியாக்கி, சீறி எரிகிற நெருப்பில் இரும்பைக் காய்ச்சலாம், துருத்தியே வேண்டாம் என்றீர்கள். எட்டு வருடம் உங்களுக்குத் துருத்தி இழுத்து அண்ணிக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. அதற்காகத்தானே அதைத் தொடங்கினீர்கள்? இரண்டு தடவை பற்றவைத்தீர்கள். இரண்டு தடவையும் கரும்புகைதான் வந்தது. இரண்டாம் தடவை உங்கள் புருவமும் போனது.

"புருவம் இல்லாத ஆள நான் எப்படிங்க திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று அண்ணி கேட்டதை நம் லயத்து வீட்டு வரிசையே ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது.

நீங்கள் போனதும் தோட்டத்து ஆபீசிலிருந்து பெரிய கிளாக்கர் பட்டறைச் சாவியைக் கேட்டு வந்தார். தேயிலைச் செடிகளை வெட்டும் கவ்வாத்துக் கத்திகளை இனிமேல் ஹட்டனுக்கு அனுப்பி அடிப்பிக்கலாம் என்று யோசனை. அண்ணி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "கத்திய நானே அடிக்கிறேங்க" என்றார். உங்களுக்கு இருமல் முற்றிய கடைசி மாதங்களில் கத்திகளை அடித்தது யார் என்று கிளாக்கருக்குத் தெரியாது. நீங்கள் உட்கார்ந்தபடி துருத்தியை இழுக்க, அண்ணி சுத்தியலைப் பிடித்தது நம் மூன்று பேருக்குத்தானே தெரியும்?

"அடிக்கிறது இருக்கட்டும் பாக்கியம், ஒனக்குத் துருத்தி இழுக்க யாரு இருக்கா?" என்றார் கிளாக்கர்.

"துருத்தி வேணாங்க. அவரு செஞ்ச அடுப்பு இருக்கு."

"புருவத்தத் தின்ன அடுப்பா?"

"ஆமாங்க. அதே அடுப்புதான்."

கவ்வாத்து தொடங்குவதற்கு முன் பன்னிரண்டு கத்திகளை அடித்துத் தோட்டத்துத் தொரைக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு முடிந்தது. ஹட்டன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நான், விடுமுறைக்கு றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அண்ணி டிரம்மைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார். "பி.எஸ்ஸி. வந்துருச்சு. இனி பொகையாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இரும்பு எத்தனை பாகையில் உருகும் என்று எனக்குத் தெரியும், அண்ணா. உருகிய இரும்பை நான் கண்ணால் பார்த்ததில்லை.

முதலில் டிரம்முக்கு உள்ளே மண் பூச வேண்டியிருந்தது. டீ பெக்டரி அடுப்பிலிருந்து கழற்றிப் போட்ட பழைய நெருப்புச் செங்கல்லை இடித்துப் புற்றுமண்ணோடு பிசைந்து நான்கு விரல் கனத்துக்குப் பூசினோம். பூசியதோடு சரி, காயவில்லை. நம் மலையில் ஆடி மாதத்தில் துவைத்த சேலையே மூன்று நாளானாலும் காயாது, மண் எங்கே காயும்? நான்காம் நாள் பொறுக்காமல் பற்றவைத்தோம். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, ஒரு சில்லு மண் வெடித்துப் பறந்து பக்கத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் விழுந்தது. "உங்க வீட்டுல தீவாளிக்கு நாளே கெடையாதா?" என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

அடுத்த யோசனை அண்ணியுடையது. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கப் போகும்போதெல்லாம் அண்ணி பார்த்த இடம்தானே பெக்டரி. பெக்டரியின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டச் சூடான காற்று வீசுமே, அங்கே கொண்டுபோய் வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்றார். எனக்கும் அது விஞ்ஞானமாகவே பட்டது. மாடியில் வேலை செய்கிறவர்களிடம் சொல்லி, மறுபடி மண் பூசிய டிரம்மைக் கொழுந்துத் தட்டுகளுக்கு நடுவே வைத்தோம். அந்த டிரம் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் டிரம் என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

மத்தியானத்துக்குள் பெக்டரியைக் கவனிக்கிற டீமேக்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "கொழுந்துக்கு மூக்கு இருக்கும்மா! பக்கத்துல வெங்காயம் உரிச்சாக்கூட அந்த வாசத்தப் பிடிச்சுக்கும். லாம்பெண்ண வாசத்தோட டீ போனா கொழும்புல என்னையப் பத்தி என்ன நெனப்பாங்க?"

கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அண்ணிதான், "கொழுந்து கெட்டுப் போச்சுங்களா, ஐயா?" என்று கேட்டார். டீமேக்கர் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். இன்னொரு தட்டிலும் முகர்ந்தார். அருகில் இருந்த ஒரு தட்டை மட்டும் கொட்டச் சொன்னார். அப்புறம் டிரம்மைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "என் டிரையர் கதவுக்குக் கீல் அடிச்சுக் குடுத்தவன் செஞ்சதா இது? கீழ கொண்டு போங்க. டிரையர் அடுப்புக்குப் பின்னால, சாம்பல் அள்ளுற பக்கமா வைங்க. மூணு நாள். அவசரப்படக் கூடாது." உங்கள் கீல் இன்னும் கிறீச்சிடவில்லை அண்ணா. பார்த்துவிட்டு வந்தேன்.

மண் காய்ந்தது. இனி நெருப்பு. அண்ணி பம்ப் அடித்துப் பற்றவைத்தார். மஞ்சளாக ஒரு நாக்கு நீண்டது, பின்னாலேயே உங்கள் காலத்துப் புகை. எண்ணெயைக் குறைத்தோம், அணைந்தது. கூட்டினோம், புகைந்தது. உங்கள் கூட்டாளியின் கடிதத்தை எடுத்து அளவுகளைச் சரிபார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகில்லை. நீங்கள் எப்போது பிசகியிருக்கிறீர்கள்?

அன்று சாயங்காலம் குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருக்கும்போதுதான் உறைத்தது. அந்த அளவு கடல் மட்டத்து அளவு. நாம் இருப்பது நாலாயிரம் அடிக்கும் மேலே. இங்கே காற்று மெலிசு. கொழும்பில் அடுப்புக் குழாயின் நான்கு துவாரங்கள் இழுக்கிற காற்று எண்ணெய்க்குச் சரியாக இருக்கும், இங்கே போதாது. குடத்தை விட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணி, நெருப்புக்கு மூச்சு முட்டுது!"

"மலையேறி வந்தா யாருக்குந்தான் முட்டும்" என்று சொல்லி அரத்தை எடுத்தார்.

துவாரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவி அகலப்படுத்தினோம். ராவுவது, பற்றவைப்பது, பார்ப்பது, அணைப்பது, மறுபடி ராவுவது. மேலே ஒரு தகர வளையத்தை அண்ணி மாட்டினார், திருப்பினால் துவாரம் மூடித் திறக்கும். இரண்டாம் நாள் மஞ்சள் சுருங்கி நீலமானது. சீறல் போய், ஒரே சீரான இரைச்சல் வந்தது. உள்ளே போட்ட இரும்பு, விறகுக்கரியில் எடுக்கும் நேரத்தில் பாதியில் பழுத்தது. அண்ணி தோள்பட்டையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

பன்னிரண்டு கத்திகளும் ஆயின. ஆனால் அண்ணா, தொரைக்குக் காட்டுவதற்கு முந்தின நாள் கிளாக்கர் சொன்ன ஒரு பேச்சில் எனக்குத் தூக்கம் போயிற்று. "டீச்சரம்மா கெட்டிக்காரி. ஆனா லீவு முடிஞ்சு அது ஹட்டனுக்குப் போயிட்டா இந்த மெசின யாரு பாப்பா? தொரை கிட்டயும் சொல்லிட்டேன்." உதவி செய்ய வந்த நானே அண்ணியின் சாவிக்கு எமனாகிவிட்டேனா? அண்ணியிடம் சொன்னேன். "அப்ப நாளைக்கு நீ வெளிய நில்லு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் தொரையும் கிளாக்கரும் வந்தார்கள். பின்னால் கவ்வாத்துக்காரர்கள் பத்துப் பேர். "பொம்பள அடிச்ச கத்தி தேயில வாதை வெட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். "கொழுந்து கிள்ளுறது பூரா பொம்பள கை. கத்திக்கு மட்டும் மீசை மொளைக்கணுமா, மாமா?" என்று அண்ணி திருப்பிக் கேட்டார்.

எல்லோர் முன்னாலும் பதின்மூன்றாவது கத்தியை அடிக்க அண்ணி அடுப்பைப் பற்றவைத்தார். நான் வாசலுக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நீலமாக எரிந்துகொண்டிருந்த நெருப்பு நடுவில் தடுமாறி மஞ்சளானது. வளையத்தைத் திருப்ப என் விரல்கள் துடித்தன. கிளாக்கர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. அண்ணி நெருப்பைப் பார்க்கவே இல்லை, தலையைச் சாய்த்து இரைச்சலைக் கேட்டார். இரண்டு தரம் பம்ப் அடித்தார், குறட்டின் நுனியால் வளையத்தை ஒரு நெல்லளவு தள்ளினார். நெருப்பு நீலத்துக்குத் திரும்பியது. எனக்குக்கூட அந்தச் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது அண்ணா.

அடித்து முடித்த கத்தி தண்ணீரில் தோய்ந்து சுரீர் என்றது. கேலி செய்த மாமா அதை வாங்கிப் போய் ஓரத்தில் நின்ற கிழட்டுத் தேயிலைச் செடியின் வாதுக் கிளையில் சாய்த்து ஒரு வெட்டு வெட்டினார். வெட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எனக்கு" என்று இடுப்பில் செருகிக்கொண்டார்.

தொரை என் பக்கம் திரும்பி, "எல்லாம் உன் வேலைதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், தொரை முன்னால் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "இல்லைங்க சார். நான் தங்கச்சி. கொல்லாசாரி அவங்கதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன், கொல்லாசாரி என்ற சொல் மட்டும் தமிழிலேயே வந்தது. குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது, கவ்வாத்துக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொரை தலையை ஆட்டிவிட்டு, மிச்சக் கத்திகளையும் இங்கேயே கொடுக்கும்படி கிளாக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள்ளே ஓடினேன். "அண்ணி, அந்த வளையத்த இன்னும் கொஞ்சம்..." என்று கையை நீட்டினேன். அண்ணி குறட்டால் என் கையைத் தட்டிவிட்டார். "போ மீனா. போய் டீ ஊத்திக் கொண்டா. கொல்லாசாரிக்குத் தாகமா இருக்கு."

நாளைக்கு நான் ஹட்டனுக்குத் திரும்புகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணா: அடுத்த விடுமுறைக்கு வந்தால், அண்ணி கூப்பிடாமல் அந்த அடுப்பைத் தொட மாட்டேன்.

வாசலில் நின்று பார்க்கும்
உங்கள் தங்கச்சி
மீனாட்சி