டாக்டர் கேட்டபோது

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இரண்டிலும் "இளைப்பு" என்றே எழுதியிருக்கிறாய். வேர்க்கடலை என்ற சொல் உன் பேனாவுக்கும் ஒவ்வாது போலிருக்கிறது.

என் மகளுக்குக் கடலை ஒவ்வாது என்று தெரிந்தும், கொஞ்சம் தின்றால் பழகிவிடும் என்று நீ கொடுத்ததைக்கூட மன்னித்திருப்பேன். உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அவசரப் பிரிவில் டாக்டர், "குழந்தை என்ன சாப்பிட்டா?" என்று கேட்டபோது, என் பக்கத்தில் நின்ற நீதான் பதில் சொன்னாய்.

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர், எப்பவும் வர்ற இளைப்புதான்."

வேலையிலிருந்து நேராக ஓடி வந்த நான் உன்னை நம்பினேன். அவரும் நம்பி, ஆஸ்துமாவுக்கு மருந்துப் புகை வைத்தார். இளைப்பு குறையவே இல்லை. அவள் உதடு வீங்கத் தொடங்கியது. அதையும் பார்த்துக்கொண்டு, வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றாய்.

கடைசியில் மூச்சுக் கவசத்தை விலக்கி என் மகளே சொன்னாள். "பெரியம்மா கடலை பிஸ்கட் குடுத்தாங்க... அம்மாகிட்ட சொல்லாதேன்னாங்க."

உடனே தொடையில் ஒவ்வாமைக்கான ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீரானது. மூச்சே வராத ஆறு வயதுக் குழந்தைக்கு இருந்த துணிச்சல் உனக்கு இல்லை.

நேற்று அவள் என்னிடம் கேட்டாள்: "நான் சொல்லிட்டேன்னு பெரியம்மா என்மேல கோவமா இருக்காங்களாம்மா?"

உன்மேல் மிச்சமிருந்த இரக்கமும் அந்தக் கேள்வியோடு போயிற்று. இனி என் வாசற்படி மிதிக்காதே.

உனக்குத் தங்கையாக இருந்தவள்