ஒண்ணாம் நம்பர் வந்தாச்சு

ஜூலை 6, ஞாயிறு

காலையில் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது ஜெயக்குமார் வந்தார். மரக்கடை ரோவர்ஸ் கால்பந்து கிளப்பின் செயலாளர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கிளப்புக்கு இந்த வருஷம் பவள விழாவாம், விழா மலர் போடுகிறார்களாம், கிளப்பின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம். இந்த ஊரில் தமிழ் டீச்சருக்கா பஞ்சம்? நான் ஏன்?

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அனீஸ் பத்தி நாங்க ஒண்ணும் எழுத மாட்டோம் டீச்சர். 'மறைந்த'ன்னு போடறதா, வேண்டாமான்னு... நீங்களே பாத்துக்குங்க."

அதுதான் சங்கதி. இருபது வருஷமாக எனக்கே விடை தெரியாததை இவர்கள் வழுவழுப்புத் தாளில் அச்சடிக்கப் போகிறார்கள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

முடியாது என்று சொல்ல போனை எடுத்தேன். "சரி, எழுதறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். என் வாயை என்னாலேயே நம்ப முடியவில்லை.

ஜூலை 9

எனக்குத் தெரிந்ததை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். மலருக்கு இல்லை. எனக்கு.

2005, ஆடி மாதம். ஸ்ரீரங்கத்தில் இறுதி ஆட்டம். என் வீட்டுக்காரர் அனீஸ்தான் கோலி, கோல் கீப்பர். ஒண்ணாம் நம்பர் ஜெர்ஸி. ஜெயித்தார்கள். வழக்கம்போல எல்லோரும் மர லாரியில் ஏறிக் கொள்ளிடக் கரைக்குப் போய்க் குளித்தார்கள். அன்று முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள், கொஞ்ச நேரத்தில் ஏறிவிட்டதாம். அவசரமாகக் கரையேறி லாரியில் உட்கார்ந்தார்கள். கேப்டன் தர்மராஜ் ஜெர்ஸி நம்பர்களை வரிசையாகக் கூப்பிட்டார், ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. எண்ணிக்கை சரி. வண்டி கிளம்பியது. மரக்கடையில் வந்து இறங்கினால் அனீஸ் இல்லை.

"எண்ணிக்கை சரியா இருந்துச்சு." இதைத்தான் ஸ்டேஷனிலும் சொன்னார்கள், எங்கள் ஜமாத்திலும் சொன்னார்கள். ஆற்றிலிருந்து ஏறியவர் வழியில் இறங்கிவிட்டார். மாம்பழச்சாலையில் வண்டி மெதுவாகப் போனதாம், அங்கே குதித்திருப்பாராம். ஏன் குதித்தார்? அந்த மாதம்தான் அவருக்குக் குவைத் விசா வந்திருந்தது. அவருக்குப் போக இஷ்டமில்லை. போதாதா ஊருக்கு. விசாவுக்குப் பயந்து ஓடிவிட்டார் என்றார்கள். அப்புறம் விசா கழன்றுகொண்டது, பெண்டாட்டியை விட்டு ஓடிவிட்டார் என்று ஆனது.

ஆற்றில் யாரும் சரியாகத் தேடவில்லை. எண்ணிக்கைதான் சரியாக இருந்ததே.

அவருடைய பை மட்டும் வீட்டுக்கு வந்தது. உள்ளே காய்ந்த சட்டை, கைலி, சீப்பு. ஈர ஜெர்ஸியோடு, சட்டைகூட மாற்றாமல் ஒரு மனுஷன் பெண்டாட்டியை விட்டு ஓடுவானா? கேட்டேன். "ஓடணும்னு நெனச்சவனுக்குச் சட்டை எதுக்கு" என்றார்கள். 

காலையில் கிளம்பும்போது, வரும்போது பரோட்டா வாங்கி வருகிறேன், சோறு வடிக்காதே என்றார். நான் வடிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வரலாறு வேலை. நன்றாகத்தான் போகிறது, அதுதான் எரிச்சல்.

1950-ல் மர அறுவைப் பட்டறைப் பையன்களும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்களும் சேர்ந்து ஆரம்பித்த கிளப். முதல் கோல் கம்பம் தேக்குக் கழிவில் செய்தது. இரண்டு பக்கமும் ஒரே உயரம் இல்லையாம், எதிர் அணி தகராறு செய்ததாம். ஜெர்ஸிக்குப் பட்டறைச் சாக்கு நிறம். செருப்பு, பூட்ஸ் எதுவும் இல்லாமல் பத்து வருஷம் ஆடிய பிறகுதான் முதல் ஷீல்டு.

லாரியில் நம்பர் கூப்பிடும் வழக்கமும் அந்தக் காலத்தில் வந்ததுதான். ஒரு முறை ஓர் ஆட்டக்காரனைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். அவன் அழுதுகொண்டே காவிரிப் பாலம் தாண்டி நடந்து வந்தானாம். அன்றிலிருந்து, எண்ணாமல் வண்டி எடுக்கக் கூடாது. யாரையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதற்காகவே வந்த வழக்கம்.

இதோடு பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

ஜூலை 14

காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கும்போது ஒரு முதுகு. அவருடையதைப் போலவே வலது தோள் சற்றே இறங்கி. இந்த வயதிலும் நான் பின்னாலேயே போனேன். வேறு யாரோ.

ஜூலை 16

சுராயா வந்திருந்தாள். தங்கை என்றாலும் என்னைப் பெற்ற அத்தா மாதிரி பேசுவாள். மேசையில் கிளப் போட்டோக்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அக்கா, அவரு உன்ன விட்டுட்டுப் போயிட்டாரு. இந்த ஒரு வரிய ஏத்துக்க உனக்கு இன்னும் எத்தன வருஷம் வேணும்?"

கோபத்தில் சொல்லவில்லை, அதனால்தான் வலிக்கிறது. முசிறி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னபோது என்னோடு வந்தவள் அவள். தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்றபோதும் வந்தாள். வையம்பட்டிக்கும் வந்தாள். அங்கே ஒரு ஓட்டல்காரர் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, தான் அனீஸ் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். அந்த வெட்கமெல்லாம் அவளுக்கும்தான்.

லேண்ட்லைனை இன்னும் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். எடுத்ததும் பேசாமல் வைத்துவிடும் போன்கள் முன்பு வரும். இப்போது வருவதில்லை. ஆனாலும் லைனை எடுத்துவிடவில்லை. அந்த நம்பர்தானே அவருக்குத் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

தர்மராஜ் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன், உறையூருக்கு. அவர்தான் அன்றைய கேப்டன், நம்பர் கூப்பிட்டவர். முட்டி போய்விட்டது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மலருக்காகப் பழைய கதைகள் கேட்டேன். சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நம்பர் கூப்பிடும் கதையும் வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் எப்பவும் கடைசிதாம்மா. கிளவுஸ அலசாம வரமாட்டாப்ல. நான் திட்டுவேன்னுட்டு, ஒண்ணுன்னு கூப்பிட்டதும் பயலுக எல்லாம் சேந்து 'வந்தாச்சு'ன்னு கத்துவானுங்க. அவன் ஓடியாந்து பின்னாடி தொத்திக்குவான்."

சொல்லி முடித்தபோது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு? என்று கேட்டேன்.

அன்றும் கத்தினார்களாம்.

நீங்கள் பார்த்தீர்களா, அவரை, கண்ணால்?

"நான் முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்துதான் கூப்பிடுவேன். திரும்பிப் பாத்தா பலகைதான் தெரியும். பாக்கலம்மா. அத்தன பேரு சொன்னாங்களே, அவங்க பாத்திருப்பாங்கன்னுதான்..."

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். குடித்தேனா, இல்லையா, தெரியவில்லை. எப்படி வீட்டுக்கு வந்தேன் என்றும் தெரியவில்லை.

எண்ணிக்கை சரி. எண்ணிக்கை சரி. இருபது வருஷமாக என்னைக் கொன்ற எண்ணிக்கை.

ஜூலை 21

ஸ்கூலுக்கு லீவு சொன்னேன். காய்ச்சல் என்று.

ஜூலை 22

ஒரு விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று விடிந்ததும் முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. அவர் என்னை விட்டுப் போகவில்லை என்றுதான் தோன்றியது. நெஞ்சு லேசாகிவிட்டது. ச்சீ, புருஷன் ஆத்தோட போயிருக்காரு, உனக்கு என்னடி சந்தோஷம்?

ஆனால் சந்தோஷம்தான். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

கொஞ்சம் பொறு. ஒரு தர்மராஜ் சொல்லை வைத்து முடிவு கட்டாதே. யாராவது ஒருத்தர் நிஜமாகவே பார்த்திருக்கலாம். யாராவது ஒருத்தர்.

ஜூலை 27, ஞாயிறு

முசிறி போய்வந்தேன். ரெங்கராஜ் அங்கே வாழைக்காய் வியாபாரம் செய்கிறார். அன்று லாரியில் பின் பலகையை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் அவர்தான், அங்கேதான் அனீஸ் தொத்தி ஏறுவாராம். அவர் பார்த்திருந்தால் பார்த்ததுதான்.

என்னைக் கண்டதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டார். நான் கேட்பதற்கு முன்னாலேயே தர்மராஜ் போன் செய்திருக்கிறார் போல. குடோன் ஓரத்தில் நின்றுகொண்டு, வாழைச் சருகைக் காலால் தள்ளிக்கொண்டே பேசினார்.

"நானும் கத்துனேங்க. அப்ப அவரு ஏறல. ஓடி வருவாருன்னு நெனச்சேன். வண்டி நகந்துருச்சு. தூறல் வேற, தலையில துண்டப் போட்டுக்கிட்டேன். அந்தப் பக்கமா ஏறிருப்பாருன்னு..."

பிறகு ஏன் சொல்லவில்லை?

"நான் ஒருத்தன்தான் பாக்காம சொன்னேன்னு இருந்தேன். மத்தவங்க பாத்துத்தான சொல்லிருப்பாங்க. அவங்க பாத்தேன்னு சொல்றப்ப நான் போயி என்னத்தச் சொல்றது."

கன்னத்தில் அறையலாமா என்று வந்தது. மூட்டை தூக்கும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழுதார். அழட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கு வராது.

பஸ்ஸில் வரும்போது ரோடு முழுக்க ஒரு பக்கம் காவிரி கூடவே வந்தது. நான் அந்தப் பக்க ஜன்னலில் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றங்கரையில். கொள்ளிடத்திலும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

ஜெயக்குமாரை வரச் சொன்னேன். அன்று அவர் ஏழாம் நம்பர். கேட்டேன். அவரும் அதையே சொன்னார். பார்க்கவில்லை, கத்தினேன், மற்றவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். மற்றவர்களையும் போனில் கேட்டாயிற்று, ஒருத்தர் விடாமல் இதேதான். லாரி முழுக்க ஆட்கள், அத்தனை பேரும் அடுத்தவன் கண்ணை நம்பியிருக்கிறார்கள். ஆளுக்கொரு முள்ளை விழுங்கிக்கொண்டு இருபது வருஷம் என் வீட்டுக் கல்யாணம், மவுத்து எல்லாவற்றுக்கும் வந்து போயிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் ஒண்ணாம் நம்பரைக் கூப்பிடுவதே இல்லையாம். ரெண்டிலிருந்துதான் ஆரம்பமாம். அந்த நம்பரில் தைத்த புது ஜெர்ஸியை யாருக்கும் கொடுப்பதில்லை, கிளப் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறதாம், கோலிக்குப் பன்னிரண்டாம் நம்பர். அனீஸுக்கு மரியாதை என்றார்.

மரியாதையா, பயமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் ஆட்டம். நானும் வருகிறேன் என்று சொன்னேன். ஆட்டம் பார்க்க இல்லை, கரைக்கு. தர்மராஜையும் ரெங்கராஜையும் கூட்டி வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுராயாவையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கரைக்கு நான் போனதே இல்லை. படித்துறைகூட இல்லை, மணலும் நாணலும்தான். தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பையன்கள் கரையோரமாகவே குளித்தார்கள், தள்ளிப் போக இப்போது விடுவதில்லை. வேனில் ஏறினார்கள். தர்மராஜ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயக்குமார் "ரெண்டு" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணுலேருந்து கூப்பிடுங்க" என்றேன்.

அவர் தர்மராஜைப் பார்த்தார். தர்மராஜ்தான் கூப்பிட்டார். அந்தக் குரல் அப்படியே இருக்கிறது.

"ஒண்ணு."

யாரும் வாய் திறக்கவில்லை. ரெங்கராஜ் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வேன் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. நான் சொன்னேன்.

"வரல."

டிரைவர் என்ஜினை நிறுத்தினார். யாரும் சொல்லாமலேயே பையன்கள் ஒவ்வொருவராக இறங்கிக் கரைக்கு வந்து நின்றார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா, தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுராயா என் கையைப் பிடித்திருந்தாள். "என்ன மன்னிக்கணும்" என்றாள். என்னிடம் சொன்னாளா, அவரிடம் சொன்னாளா?

நானும் அங்கேதான் அழுதேன். சத்தம் போட்டு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வீட்டில் அவருக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி துஆ செய்தோம். பள்ளிவாசல் ஹஜ்ரத் "மவுத் உறுதிதானாம்மா" என்று ஒரு முறை கேட்டார். உறுதிதான் என்றேன். தர்மராஜ் அண்ணன் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரெங்கராஜ் ஒரு தார் பழம் கொண்டுவந்திருந்தார். எல்லோருக்கும் பரோட்டா. அதை நான் கடையிலிருந்து வாங்கவில்லை, நானே போட்டேன்.

ஆகஸ்ட் 24

மலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். "மறைந்த அனீஸ்" என்று என் கையாலேயே எழுதினேன். எப்படி மறைந்தார் என்பதையும் எழுதியிருக்கிறேன், யார் பெயரும் போடாமல். ஜெயக்குமார் நின்றபடியே படித்தார். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம் என்றார்.

இன்னொன்றும் கேட்டேன். அந்த ஒண்ணாம் நம்பர் ஜெர்ஸியை ஆணியிலிருந்து எடுத்துக் கோலிக்குக் கொடுங்கள் என்று.

செப்டம்பர் 3

லேண்ட்லைனை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் காரணம் கேட்டாள். தேவைப்படவில்லை என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் கரைக்குப் போனேன். தோற்றுவிட்டார்கள், ஒன்றுக்கு மூன்று. கோலி சித்தார்த்தனுக்கு முகமே சரியில்லை. ஒண்ணாம் நம்பர் ஜெர்ஸி அவனுக்குக் கொஞ்சம் பெரிது. எல்லோரும் ஏறிய பிறகும் அவன் மட்டும் தண்ணீரோரம் குனிந்து கிளவுஸை அலசிக்கொண்டிருந்தான்.

ஜெயக்குமார் "ஒண்ணு" என்றார்.

வேனில் ஒருத்தர் வாயும் அசையவில்லை. அவன் நிமிர்ந்து, மணலில் ஏறி வந்து, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு "வந்துட்டேன் சார்" என்றான். ஜெயக்குமார் இறங்கி அவன் எதிரே போய் நின்று முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் "ரெண்டு" என்று கூப்பிட்டார்.